மாப்பிள்ளையின் முறைப்பு

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கும் என் கடையில், மேஜையின் கடைசி இழுப்பறைக்குள் ஒரு கூலிங் கிளாஸ் கிடக்கிறது. பழைய பிளக்குகள், பொருந்தாத சாவிகள், கிளட்ச் ஒயர்த் துண்டுகள் இவற்றுக்கு நடுவே. வலது பக்கம் கண்ணாடியே இல்லை. இடது பக்கம் விரிசல். ஒரு காதுக் கம்பி வளைந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உடைத்தவன் நான்தான். என் தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில், புது மாப்பிள்ளையின் முகத்திலிருந்து பிடுங்கிக் கீழே போட்டுச் செருப்புக் காலால் மிதித்தேன். மிதித்ததோடு விட்டேனா? பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஜெயித்தவன் கொண்டுவரும் பொருள் என்று அன்றைக்கு நினைப்பு.

நான் கோபக்காரன். அதைப் பெருமையாகச் சொல்கிற வயதெல்லாம் போய்விட்டது. வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவனுக்கு வாய் இனிப்பாக இருக்க வேண்டும் என்பார்கள்; எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவனை அடிக்கப் பெரிய காரணம் ஒன்றும் தேவைப்பட்டதில்லை. அவன் முறைத்தால் போதும். "இன்னா மொறைக்கிற?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் அதற்குச் சரியான பதிலே கிடையாது. முறைக்கவில்லை என்றால் பொய் சொல்கிறான் என்று ஒரு அடி. ஆமாம் என்றால் திமிர் என்று இரண்டு அடி. டீக்கடையில், பஸ் படிக்கட்டில், ரயில்வே கேட்டில் நின்று நான் போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் இப்படி ஆரம்பித்தவைதான். ஒருவன் கண்ணை இடுக்கிப் பார்த்தால் அது முறைப்பு. வேறு எதற்காகவும் ஒரு மனிதன் கண்ணை இடுக்குவான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாப்பிள்ளை பல்லாவரத்துக்காரர். தோல் செருப்பு, ஷூ தைக்கிற பட்டறையில் கட்டிங் வேலை. தோலை விரித்து, வடு இருக்கிற இடத்தைத் தள்ளி, கத்தியால் துண்டு போடுகிற வேலை அது. அதில் கை தேர்ந்தவர் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். குடி இல்லை, சிகரெட் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் தங்கைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று நான்தான் பேசி முடித்தேன். பெண் பார்க்க வந்த அன்றே ஒன்று உறுத்தியது. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, என்னையே பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. பெண் கொடுக்கிற இடத்துக்கு வந்து, பெண்ணின் அண்ணனையே முறைக்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் முறைத்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நக்கல் என்று மனதில் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் அதுவே வாடிக்கை ஆயிற்று. அவர் கண்ணை இடுக்குவார், நான் பல்லைக் கடிப்பேன், அவர் சிரிப்பார்.

மாப்பிள்ளை அழைப்பன்று தெருவே பார்க்கக் கார் வந்து நின்றது. மண்டபம் முழுக்க சீரியல் லைட்டு, செண்டை மேளம், ஆயிரம் வாலா வெடி. பெண்ணின் அண்ணன் கைபிடித்து இறக்கிக் கூட்டிப் போக வேண்டும் என்பது எங்கள் முறை. கதவைத் திறந்து கையை நீட்டினேன். அவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இருட்டின பிறகு! நீட்டிய கையை அவர் தொடவில்லை. என் கைக்கு ஒரு சாண் பக்கத்தில் காற்றைத் துழாவிவிட்டு, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்கினார். பின்னால் நின்ற என் கூட்டாளி காதைக் கடித்தான்: "மச்சி, உன் கைய தட்டிவுட்டுட்டு எறங்கறாரு பாத்தியா? ஹீரோ கணக்கா!" போதாதா எனக்கு? பந்தி முடிகிற வரைக்கும் பொறுத்தேன், அவ்வளவுதான். பின்பக்கம் கூப்பிட்டு, கேள்வி கேட்காமல், கண்ணாடியைப் பிடுங்கி மிதித்தேன். கழுத்துச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். "என் தங்கச்சிய கட்டிக்கப் போறதால தப்பிச்ச" என்றேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பரவால்ல மச்சான். லைட்டு கூசுது, அதான் போட்டுக்கினேன்" என்றார். லைட்டு கூசுகிறதாம்! இன்னொரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் போனேன்.

இரண்டு வருடம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் பழைய கார்புரேட்டர் தேடிப் போயிருந்தேன். அங்கே கிடைக்காத பொருள் கிடையாது. செடி, புறா, ஓட்டை மிக்சி, யாரோ போட்டுத் தேய்ந்த ஷூ, எல்லாம் தார்ப்பாயில் பரப்பிக் கிடக்கும். கூட்டத்துக்கு நடுவே மாப்பிள்ளை குனிந்து நின்று எதையோ பார்ப்பதைக் கண்டேன். பழைய கத்தி, அரம் விற்கிறவனின் கடை. மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கண்ணை இடுக்கினார். கடைக்காரன் எழுந்தான். "இன்னாடா மொறைக்கிற? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி நடையக் கட்டு." மாப்பிள்ளை இன்னும் கிட்டே குனிந்து இன்னும் இடுக்கினார். அவ்வளவுதான், முதல் அடி காதோடு விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கீழே தள்ளி இடுப்பில் உதைத்தார்கள். இங்கே ஒன்றை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். உடனே ஓடவில்லை. வாங்கட்டும் என்று நினைத்தேன். ஒரு உதை, இரண்டு உதை, மூன்றாவது உதையில் அவர் கையால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு சுருண்டபோதுதான் என் தங்கை முகம் ஞாபகம் வந்தது.

அப்புறம் புகுந்தேன். ஒருவன் மூக்கை உடைத்தேன். இன்னொருவன் அரத்தால் என் புருவத்தில் போட்டான். இன்றைக்கும் அங்கே முடி முளைப்பதில்லை. ரத்தம் வழிய ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் நான் அவரைத்தான் பிடித்துக்கொண்டேன். "ஊர்ல கீறவன எல்லாம் மொறச்சிக்கினு திரிவியா? உன்னால எனக்கு மண்டை பொளந்துச்சு!" அவர் கைக்குட்டையால் என் புருவத்தை அழுத்த வந்தார், அழுத்தியது என் காதுக்கு மேலே. "நான் யாரயும் மொறைக்கல மச்சான். அட்டையில வெல எழுதி வெச்சிருந்தான், அதத்தான் படிச்சேன்." விலை படிக்கிறவன் கடைக்காரன் மூஞ்சியையா படிப்பான் என்று கத்தினேன். ரத்தம் ஓரிடத்தில் வழிய, கைக்குட்டை வேறிடத்தில் இருக்கிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. கோபம் வந்தால் நான் எதையும் பார்க்க மாட்டேன்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வயது முடிந்ததும் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டிலேயே விசேஷம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், மடிக்கு நான். புது வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தகப்பன் கையால் குழந்தையைக் கொடுக்கட்டும் என்று யாரோ பெரியவர் சொல்ல, மாப்பிள்ளை பட்டுப்பாவாடைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்று கண்ணை இடுக்கினார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் குனிந்து, என் கைகளுக்குப் பக்கத்தில் குழந்தையை நீட்டி, விட்டுவிட்டார்.

மணையின் ஓரத்தில் குழந்தையின் தலை மோதிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. ஒரு கணம் அழுகையே வரவில்லை. அந்த ஒரு கணத்தில் நான் எழுந்துவிட்டேன். வேண்டுமென்றே போட்டான், என் மேல் இருக்கிற பகையில் பெற்ற பிள்ளையைப் போட்டான் என்று எனக்குள் ஒரு சத்தம். அவர் முழங்காலில் விழுந்து பாயெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன். இடது கண்ணில் குத்தினேன். மோதிரம் புருவத்தைக் கிழித்தது. மறுபடி குத்தினேன். கீழே விழுந்தவரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன். எத்தனை என்று தெரியாது. குழந்தை வீறிட்டு அழுதது, பெண்கள் கத்தினார்கள், தாம்பாளம் உருண்டது. தங்கை பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். "அடிக்காதண்ணா! அவருக்குக் கண்ணு தெரியாதுண்ணா!"

கை அப்படியே நின்றது. கீழே கிடந்தவர் வாயில் ரத்தத்தோடு பேசினார். "நாலு கை தெரிஞ்சுது மச்சான். தப்பான ரெண்டு கையில வெச்சிட்டேன். கொழந்தைக்கு அடி பட்டுதா, யாராச்சும் சொல்லுங்களேன்."

குழந்தைக்கு நெற்றியில் வீக்கம், அவ்வளவுதான், கடவுள் புண்ணியம். அன்று மாலை தங்கை எல்லாவற்றையும் கொட்டினாள். கல்யாணத்துக்கு முன்பே அவருக்குப் பார்வை கலங்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு விளக்கு மூன்றாகத் தெரியும், ஒரு முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் நிழலாக நிற்கும். கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தும் சரிப்படவில்லை. கண் கோளாறு என்று தெரிந்தால் பெண் தர மாட்டார்கள். பட்டறையில் தெரிந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு பசை தடவ உட்கார வைப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. தோலை விரலால் தடவியே வடுவைக் கண்டுபிடித்து வெட்டியிருக்கிறார். எதையாவது தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கண்ணை இடுக்க வேண்டும். அதுதான் அந்த முறைப்பு. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர் இடது கண்ணின் கருவிழி வெள்ளையாகிக் கிடந்தது. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா கருவி வைத்துப் படம் எடுத்தார். வட்ட வட்டமாகப் பல நிறத்தில் ஒரு படம், நடுவில் சிவப்பு. கருவிழி மெலிந்து மெலிந்து, உள்ளேயிருக்கும் அழுத்தம் தாங்காமல் கூம்பாக முன்னால் தள்ளிவிட்டது என்றார். இடது கண்ணில் உள்சவ்வு கிழிந்து நீர் கோத்துவிட்டது. தழும்பாகத்தான் ஆறும். நான் கேட்டேன், "டாக்டர், நேத்து நான் இவர அடிச்சேன். அந்தக் கண்ணுலதான் அடிச்சேன். அதனாலயா?" "இவ்வளவு மெலிஞ்ச கண்ணு தானாவும் கிழியும். கண்ணக் கசக்கறவங்களுக்குச் சீக்கிரம் கிழியும். உங்க அடியாலயான்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிச்சம் இருந்தது வலது கண். அதுவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. அதைப் போகிற இடத்திலேயே நிறுத்தி வைக்க ஒரு சிகிச்சை உண்டு. ஆனால் கருவிழியில் குறைந்தபட்சக் கனம் மிச்சமிருந்தால்தான் செய்ய முடியும். அளந்து பார்க்க உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நான் வேண்டாத சாமி இல்லை. தேவையான கனத்துக்கு மேல் மயிரிழைதான் இருந்தது, ஆனால் இருந்தது. டாக்டரம்மா விளக்கினார்: கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, மஞ்சள் நிற வைட்டமின் சொட்டை அரை மணி நேரம் விட்டு ஊற வைப்பார்கள், பிறகு ஊதா வெளிச்சத்தைக் காட்டினால் உள்ளே இருக்கிற நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். போன பார்வை வராது, இருப்பது நிற்கும். மாப்பிள்ளை முகம் அப்போதுதான் முதல் தடவையாகத் தெளிந்தது. "மேடம், இது எங்க வேலதான். பச்சத் தோலு தொளதொளன்னு கீது, கையால இழுத்தா கிழியும். குரோம் உப்பு ஏத்தினா நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கும், அப்பால எவ்ளோ இழுத்தாலும் வராது. என் கண்ணுக்குப் பதம் போடப் போறீங்க." டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஏறக்குறைய அதேதான் என்றார். குரோம் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை என்று பேர் வாங்கிய ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

சிகிச்சை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அசல் கொடுமை வீட்டுக்கு வந்த பிறகு. மரத்துப் போகிற மருந்து இறங்கியதும் அவர் கத்திய கத்து பல்லாவரத்தில் அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். கண்ணுக்குள் மிளகாய்த் தூளையும் கண்ணாடித் தூளையும் சேர்த்துக் கொட்டினது மாதிரி இருக்கிறது என்றார். புண் ஆறும் வரை காப்புக்காகக் கண்ணின் மேல் ஒட்டிவிட்டிருந்த மெல்லிய லென்ஸ் விழக் கூடாது, கையால் கசக்கக் கூடாது. கசக்கினால் எல்லாம் போச்சு. ஆனால் அவருக்கு அது பிறவிப் பழக்கம் மாதிரி. தோல் தூசியில் அரித்து அரித்து, விரல் முட்டியால் கண்ணைத் தேய்த்தே வளர்ந்தவர். மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வேலை ஒன்றே ஒன்று: அவர் கையைப் பிடித்துக்கொள்வது. தங்கை மாற்றி விடுகிறேன் என்றாள். நான் விடவில்லை.

இரண்டாம் நாள் மதியம் வலி உச்சத்துக்குப் போனது. இடது கண்ணில் தழும்பு, வலது கண்ணில் கட்டு, எதுவும் தெரியாத மனிதர் ஒரு மிருகத்தைப் போலத் திமிறினார். "வுடுறா கைய! வுடுறா டேய்!" அதுவரை என்னை ஒருமையில் பேசியதே இல்லை. தலையால் என் முகத்தில் மோதினார். முழங்கையால் உதட்டைக் கிழித்தார். காலால் வயிற்றில் உதைத்தார். தோல் இழுத்து உரமேறிய கை அவருடையது. என் மணிக்கட்டைத் திருகியபோது எலும்பு சத்தம் போட்டது. என்னை அடித்தவனை நான் திருப்பி அடிக்காமல் விட்டது என் வாழ்க்கையிலேயே அன்றுதான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. இரண்டு மணிக்கட்டையும் என் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அடி மாப்ள, இன்னும் அடி, கண்ணுல மட்டும் கைய வெக்காத என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிக் கட்டில் காலுக்கு வந்த பிறகு அவர் தளர்ந்தார். தூங்கினாரா மயங்கினாரா என்று புரியாமல் நான் கையை மட்டும் விடாமல் இருந்தேன்.

அப்புறம் காத்திருப்பு. கசக்காமல் காத்திருக்க வேண்டும். கை முகத்துக்குப் போனாலே குழந்தை மழலையில் "ப்பா, நோ" என்று அதட்டும், நாங்கள் பழக்கி வைத்திருந்தோம். ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அசையல. அப்படியே நிக்குது" என்றார். வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது கண்ணுக்கு மாற்றுக் கருவிழிக்காகப் பேர் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் என் வலது கை கனக்கிறது, இன்றைக்கும். வலது கண்ணுக்கு அளவெடுத்துக் கெட்டியான லென்ஸ் ஒன்று செய்யச் சொன்னார்கள். கூம்பான கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி உதவாது, அந்த லென்ஸ்தான் காட்சியை நேராக்குமாம்.

லென்ஸ் பொருத்திய அன்று கடையில் சரக்கு இறங்கியதால் நான் போகவில்லை, தங்கைதான் போனாள். சாயங்காலம் நான் ஒரு வாடிக்கையாளனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாங்கிப் போன சங்கிலியை ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவனை முறைத்தபடி திரும்பினால், கடை வாசலில் மாப்பிள்ளை. தலை சாயவில்லை. கண் இடுங்கவில்லை. சாதாரணமாக, எல்லாரையும் போல, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார், பாவி மனுஷன்.

"மச்சான், இதான் உங்க மூஞ்சியா? இவ்ளோ கோவமாவா கீது?" என்றார். "இம்மா நாளு எனக்கு மூஞ்சி எதுவும் சரியா தெரியல, எல்லாம் கலங்கலாத்தான் இருந்துச்சு. உங்க பல்லு மட்டும் வெள்ளையா வரிசையாத் தெரியும். பொண்ணு பாக்க வந்த நாள்லேந்து நீங்க என்னப் பாத்து சிரிச்சிக்கினே கீறீங்கன்னு நெனச்சேன். நல்ல மச்சான் கெடச்சாருன்னு அம்மா கையிலகூட சொன்னேன்."

"அடிச்சேனே மாப்ள," என்றேன். "மண்டபத்துல அடிச்சேன். காது குத்துல அடிச்சேன்."

"கோவத்துல அடிச்சீங்க. அப்பால சிரிச்சீங்கன்னு நெனச்சிக்குவேன்."

என் கடையில் சுவர் முழுக்க வண்டிக் கண்ணாடிகள் தொங்கும். நிமிர்ந்தால் ஒவ்வொன்றிலும் என் மூஞ்சி. நாலைந்து வருடமாக ஒரு மனிதரோடு நான் பகை வளர்த்திருக்கிறேன். அவர் அந்தப் பகைக்குள் வரவே இல்லை. அவர் பாட்டுக்கு என் சிரிப்புக்குப் பதில் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். சங்கிலிக்காரன் வேறு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. கடைத்தெருவில், இந்த வயதில், அழுது தொலைக்கவா முடியும்? எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்து கடைசி இழுப்பறையைத் திறந்தேன். கையில் அகப்பட்டது அந்தக் கூலிங் கிளாஸ். யோசிக்காமல் எடுத்து மாட்டிக்கொண்டேன். வளைந்த காதுக் கம்பி நெற்றிப்பொட்டில் குத்தியது.

மாப்பிள்ளை கிட்டே வந்தார். இந்தத் தடவை கையைச் சரியாக என் தோளில் வைத்தார்.

"மச்சான்," என்றார், மெதுவாக, சங்கிலிக்காரனுக்குக் கேட்காதபடி. "ஒரு பக்கம் கண்ணாடியே இல்ல. எனக்குத் தெரியுது."